வியூவெர்ட்: நிலவறைக்கு வெளியே உள்ள ஊர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் பயணப் பகுதியில், நெதர்லாந்தின் ஃபிரீஸ்லாந்து மாநிலத்திலுள்ள வியூவெர்ட் என்னும் சிற்றூரைப் பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். லேவார்டன் நகருக்குத் தென்மேற்கே மேய்ச்சல் நிலங்களுக்கு நடுவே ஒதுங்கிக் கிடக்கும் அவ்வூரைத் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தியதற்கு நன்றி. ஆனால் தேவாலயத்தின் நிலவறைக்குள் இறங்கிய கட்டுரையாளர் மறுபடி மேலே ஏறி வரவே இல்லையோ என்று தோன்றியது.

1765-ஆம் ஆண்டில் அங்கு வேலை செய்த தச்சர்கள் அழுகாத 11 உடல்களைக் கண்டதும், இன்று அவற்றில் 4 மட்டும் எஞ்சியிருப்பதும், உத்தரத்தில் பறவைகளைத் தொங்கவிட்டு அவையும் அழுகாமல் உலர்வதைக் காட்டியதும் உண்மையே. உடல்கள் கெடாமல் இருந்ததற்கு நிலவறையின் காற்றோட்டமே காரணம் என்பாரும், நிலத்தடியிலிருந்து கசியும் வாயு என்பாரும் உண்டு. இதுவரை முடிந்த முடிவு இல்லை. இவ்வளவையும் சுவையாக எழுதியவர், ஊர் "இயற்கையான சிறு குன்றின்மேல்" அமைந்திருப்பதாக ஒரே வரியில் கடந்து சென்றதைத்தான் என்னால் ஏற்க இயலவில்லை.

அந்தப் பகுதியில் குன்று ஏது? கடல் ஏறி இறங்கும் உவர்ச் சதுப்பில், கரைகட்டும் வழக்கம் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, களிமண்ணையும் புற்கரணைகளையும் சாணத்தையும் வீட்டுக் கழிவையும் தலைமுறை தலைமுறையாகக் கொட்டி மக்கள் தாமே எழுப்பிய மேடுகள் அவை. 'டெர்ப்' என்பது அவற்றின் பெயர். முசிறித் துறைமுகத்தைக் குறிப்பிட்டதால் நமக்கு நன்கு அறிமுகமான ரோமானிய எழுத்தாளர் பிளினி, ஃபிரீசியர்களின் அண்டை மக்களான சவுக்கியர் இத்தகைய மேடுகளில் வாழ்ந்ததையும் எழுதியிருக்கிறார்: கடல் ஏறும்போது கப்பலில் செல்வோரைப் போலவும், வடியும்போது கப்பல் உடைந்து கரை ஒதுங்கியோரைப் போலவும் அவர்கள் தோன்றுவார்களாம்.

சாணமும் கழிவும் மக்கிய அந்த மண் நல்ல உரம் என்பதால், 19-ஆம் நூற்றாண்டில் மேடுகளை வெட்டிப் படகுகளில் ஏற்றி, மணற்பாங்கான வளங்குன்றிய நிலங்களுக்கு விற்றார்கள். பல ஊர்களின் மேடுகள் இவ்வாறு பாதியாகக் குறைந்தன. சில அடியோடு மறைந்தன. வியூவெர்ட் மேட்டில் 1866-இல் கிடைத்த, 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பொன் நாணயங்களும் அணிகளும் லெய்டன் நகரத் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. உலர்ந்த உடல்களைக் காட்டிலும் வயதில் ஆயிரம் ஆண்டு மூத்த இச்செல்வத்தைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்லும் இல்லை.

அதைவிடப் பெரிய குறை, ஊருக்கு அருகே இருந்த வால்டா மாளிகை விடுபட்டுப்போனது. இன்று அங்கே மாளிகை இல்லை. சுற்றுலாப் பயணிக்குப் படமெடுக்க எதுவும் இல்லை. எனினும் ஐரோப்பிய அறிவுலகம் வியூவெர்டைத் தேடி வந்ததற்கு அந்த வீடே காரணம். ழான் தெ லபாடி என்னும் சமய போதகர் 1674-இல் இறந்த பின், அவரைப் பின்பற்றியோர் அடுத்த ஆண்டே இங்குக் குடியேறிச் சொத்துகளைப் பொதுவில் வைத்து வாழத் தொடங்கினர். பெண் என்பதால் 1636-இல் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் மறைப்புக்குப் பின்னே அமர்ந்து பாடம் கேட்ட அறிஞர் அன்னா மரியா வான் ஸ்கூர்மன் தம் இறுதிக் காலத்தைக் கழித்து 1678-இல் மறைந்தது இங்கேதான். பின்னாளில் அமெரிக்காவில் பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென் 1677-இலும், ஆங்கிலேய மெய்யியலாளர் ஜான் லாக் 1684-இலும் வந்து பார்த்துச் சென்றார்கள்.

1685-இல், பூச்சிகளை ஆராய்ந்து வரைந்த ஜெர்மானிய ஓவியர் மரியா சிபில்லா மேரியன் தம் தாயுடனும் இரு மகள்களுடனும் வந்து சேர்ந்தார். பின்தொடர்ந்து வந்து அழைத்த கணவருக்கு உள்ளே இடம் கிடைக்கவில்லை. புழு கூட்டுப்புழுவாகிப் பட்டாம்பூச்சியாவதை ஏற்கெனவே வரைந்து வெளியிட்டிருந்த மேரியன், இவ்வூரின் நீர்நிலைகளில் தவளை முட்டை தலைப்பிரட்டையாவதையும் பொறுமையாகக் கவனித்தார். மாளிகைக்கு உரிமையுடைய சகோதரிகளின் உடன்பிறந்தவர் தென் அமெரிக்காவிலிருந்த டச்சுக் குடியேற்றமான சூரினாமின் ஆளுநராக இருந்ததால், லபாடியைப் பின்பற்றிய லபாடியர் அங்கும் ஒரு குடியிருப்பை அமைத்துத் தோற்றார்கள். சொத்தைப் பொதுவாக்கியவர்கள் அங்கே அடிமைகளின் உழைப்பில் தோட்டம் நடத்தினார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. மேரியன் 1691-இல் ஆம்ஸ்டர்டாமுக்குச் சென்று, 1699-இல் தம் இளைய மகளுடன் அதே சூரினாமுக்குக் கப்பலேறினார்; அப்பயணத்தின் விளைவான, சூரினாமியப் பூச்சிகளின் உருமாற்றம் பற்றிய அவருடைய நூல் 1705-இல் வெளிவந்தது.

நிலவறையின் படங்கள் நான்கு அச்சான பக்கத்தில், மேரியன் வரைந்த படம் ஒன்றுக்காவது இடம் இருந்திருக்கலாம். தொடரின் அடுத்த பகுதியும் ஃபிரீஸ்லாந்தைப் பற்றியதாக இருக்குமானால், ஹெகபெய்ன்டும் ஊரைப் பரிந்துரைக்கிறேன். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 8.8 மீட்டர் உயர்ந்த அந்த மேடே இன்றுள்ளவற்றில் மிக உயரமானது. மண் வெட்டியவர்கள் தேவாலயத்தை ஒட்டி நிறுத்திக்கொண்டதால், வெட்டுண்ட சரிவின் விளிம்பில் அக்கட்டடம் நிற்பதைக் கட்டுரையாளர் நேரில் பார்க்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்,
கும்பகோணம்.