மெஷின் ஜெயித்தால் பணம் யாருக்கு?

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. முழங்கால் வலி பற்றி எழுதியிருந்தாய். எனக்கும் மாடிப்படி ஏறும்போது அதே கதைதான். பேரன் போனில் செஸ் ஆடி வரிசையாகத் தோற்கிறான் என்று சிரித்திருந்தாயே, அதைப் படித்ததும் பழசெல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. 1997-ல் உலகச் செஸ் சாம்பியன் காஸ்பரோவும் டீப் புளூ என்கிற கம்ப்யூட்டரும் மோதியபோது, டீக்கடையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, "டீப் புளூ ஜெயித்தால் பணத்தை யாருடா வாங்குவான்?" என்று நீ கேட்டாய். எவனும் பதில் சொல்லவில்லை. நான் இப்போது சொல்கிறேன்.

நியூயார்க்கில் நடந்த அந்தப் போட்டிக்கு மொத்தப் பரிசு 11 லட்சம் டாலர். ஜெயித்தவருக்கு 7 லட்சம், தோற்றவருக்கு 4 லட்சம். பணம் போட்டது ஐபிஎம் என்கிற அமெரிக்கக் கம்ப்யூட்டர் கம்பெனி. மெஷினும் அவர்களுடையதுதான். அதனால் 3.5 – 2.5 என்று மெஷின் ஜெயித்தபோது அந்த 7 லட்சம் கம்பெனியை விட்டு வெளியே போகவே இல்லை. காஸ்பரோவுக்கு 4 லட்சம். முந்தின வருஷம் ஃபிலடெல்ஃபியாவில் 4 – 2 என்று ஜெயித்தபோதும் அவருக்குக் கிடைத்தது அதே 4 லட்சம்தான்! மெஷினைச் செய்த மூன்று பேருக்கு வேறு இடத்திலிருந்து 1 லட்சம் டாலர் வந்தது. உலகச் சாம்பியனைத் தோற்கடிக்கும் கம்ப்யூட்டருக்கென்று 1980-லேயே கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அறிவித்து வைத்திருந்த ஃபிரெட்கின் பரிசு அது.

கம்பெனிக்கு இதெல்லாம் விளம்பரச் செலவுதான். போட்டி நடக்கும் முன்பே நியூஸ்வீக் அட்டையில் காஸ்பரோவ் முகம். தோற்றிருந்தாலும் ஐபிஎம் பெயர் எல்லாப் பேப்பரிலும் வந்திருக்கும். அவர் இன்னொரு போட்டி கேட்டார், கொடுக்கவில்லை. ஜெயித்த கையோடு மெஷினைப் பிரித்து மூட்டை கட்டிவிட்டார்கள். வியாபாரமாகப் பார்த்தால் சரி, ஆட்டமாகப் பார்த்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

அப்புறம் 2006, ஜெர்மனியில் பான் நகரம். அப்போதைய உலகச் சாம்பியன் கிராம்னிக், டீப் ஃபிரிட்ஸ் என்கிற செஸ் புரோகிராமோடு உட்கார்ந்தாலே 5 லட்சம் டாலர், ஜெயித்தால் 10 லட்சம். இரண்டாவது ஆட்டத்தில் ராணியை நகர்த்தினார், நிதானமாக எழுந்தார், கோப்பையைக் கையில் எடுத்தார். எதிரே மெஷினுக்காகக் காய் நகர்த்துகிறவர் பலகையையும் திரையையும் மாறி மாறிப் பார்க்கிறார், நம்ப முடியவில்லை. மெஷினுக்கு ஒரே நகர்த்தலில் செக்மேட்! நம் தெருப் பையன்கூடப் பார்த்திருப்பான். கிராம்னிக் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். ஆறு ஆட்டத்தில் ஊர் பேசியது அந்த ஒன்றைத்தான். அந்த 5 லட்சத்துக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடைத்திருக்குமா சொல்.

எனக்குப் பிடித்தது டேவிட் லெவி என்கிற ஸ்காட்லாந்து செஸ் ஆட்டக்காரர்தான். பத்து வருஷத்துக்குள் எந்தக் கம்ப்யூட்டரும் செஸ்ஸில் என்னை ஜெயிக்காது என்று 1968-ல் ஜான் மெக்கார்த்தி என்கிற கம்ப்யூட்டர் ஆராய்ச்சியாளரோடு பந்தயம் கட்டினார். மற்ற ஆராய்ச்சியாளர்களும் சேர, தொகை 1,250 பவுண்டு ஆனது. ஸ்பான்சர் கிடையாது, அவரவர் சட்டைப்பைப் பணம். 1978-ல் டொரன்டோவில் மெஷினை ஜெயித்து அதை வாங்கிக்கொண்டார்.

அதைச் சொல்லும்போதுதான் ஞாபகம் வருகிறது. நீ காஸ்பரோவ் பக்கம், நான் மெஷின் பக்கம், பந்தயம் ஒரு செட் புரோட்டா, சால்னாவோடு. இன்னும் பாக்கி. தை மாதம் வரும்போது பேரனையும் கூட்டி வா.

உன்,
பழைய டீக்கடைக் கூட்டாளி