அலாஸ்கா கப்பலுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று போனில் நீ அவசரமாகச் சொன்னதில் பாதிதான் காதில் விழுந்தது, மீதியை மாப்பிள்ளை அனுப்பிய மெசேஜில் படித்தேன். அடுத்த ஜூனில் சம்பந்திகளையும் கூட்டிக்கொண்டு ஏழு நாள் அலாஸ்கா, சியாட்டிலில் ஏறி சியாட்டிலிலேயே இறங்குவது, ஏஜென்ட் வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்டச் சொல்கிறார் என்று. ரொம்ப சந்தோஷம். உன் அத்தையும் மாமாவும் கோயம்புத்தூரை விட்டு இத்தனை தூரம் வருகிறபோது வீட்டுக்குள்ளேயே வைத்திருக்காமல் இப்படி ஒரு இடத்துக்குக் கூட்டிப்போக நினைத்தாயே, அதுவே பெரிய விஷயம். ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் கட்டாதே. நானும் அப்பாவும் எட்டு முறை கப்பலில் போய்வந்துவிட்டோம், அதில் இரண்டு முறை அலாஸ்கா. ஏறின பிறகு நடக்கிற தப்பெல்லாம் ஒரு வேளை சாப்பாட்டோடு மறந்துபோகும், பணம் கட்டுகிற அன்றைக்குச் செய்கிற தப்பு ஏழு நாளும் கூடவே வரும். அதனால்தான் போனில் சொல்லாமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் விசா. "அமெரிக்காவில் ஏறி அமெரிக்காவில் இறங்குகிறோம், அலாஸ்காவும் அமெரிக்காதானே" என்று ஏஜென்ட் சொன்னாராம். அப்படி இல்லை. வெளிநாட்டுக் கொடி பறக்கிற கப்பல் அமெரிக்கத் துறைமுகத்தில் ஆளை ஏற்றி, வேற்று நாட்டுத் துறைமுகம் எதையும் தொடாமல் அமெரிக்காவிலேயே சுற்றிவந்து இறக்கக் கூடாது என்று 1886-இலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. பெரிய பயணக் கப்பல்கள் ஏறக்குறைய எல்லாமே பஹாமாஸ், பனாமா என்று வேற்றுக் கொடிதான். அதனால் சியாட்டில் கப்பல் எப்படியும் கனடாவில் விக்டோரியாவுக்கு ஒரு தடவை போய்த்தான் திரும்பும், பெரும்பாலும் கடைசி நாள் சாயங்காலம் நாலைந்து மணி நேரம். அந்த நாலைந்து மணி நேரத்துக்காக இந்திய பாஸ்போர்ட்காரர்களுக்குக் கனடா விசா வேண்டும். கப்பலை விட்டு இறங்கப்போவதில்லை என்று சொன்னாலும் வேண்டும். உனக்கும் மாப்பிள்ளைக்கும் கிரீன் கார்டு இருக்கிறது, பாஸ்போர்ட்டோடு அதைக் காட்டினால் போதும். சம்பந்திகளுக்கு அமெரிக்க விசிட்டர் விசா மட்டும்தானே இருக்கிறது? எங்கள் முதல் அலாஸ்கா பயணத்தில் செக்-இன் வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு குடும்பத்தில் வயசான அம்மா அப்பாவை மட்டும் தனியாக நிறுத்திவிட்டார்கள். பிள்ளை கவுண்டரில் மன்றாடிக்கொண்டிருந்தான், அந்த அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றும் புரியாமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் யாருமே ஏறவில்லை. கட்டின பணத்தில் ஒரு டாலர்கூடத் திரும்பியிருக்காது. அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. சம்பந்திகள் ஊரில் இருக்கும்போதே கனடா விசாவுக்கு விண்ணப்பித்துவிடட்டும், கைரேகை கொடுக்க வேண்டியிருக்கும், நாள் பிடிக்கும்.

கனடா விசா எப்படியும் எடுக்கத்தான் போகிறோம் என்றால், சியாட்டிலை விட்டுவிட்டு வான்கூவரில் ஏறுங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். விமான டிக்கெட் கொஞ்சம் கூட ஆகலாம், பரவாயில்லை. சியாட்டில் கப்பல்கள் பெரும்பாலும் வான்கூவர் தீவுக்கு மேற்கே திறந்த பசிபிக் கடல் வழியாகப் போகும், அங்கே ஆட்டம் இருக்கும். வான்கூவர் கப்பல்கள் தீவுக்கும் நிலத்துக்கும் நடுவில் 'இன்சைட் பாசேஜ்' வழியாகப் போகும், தண்ணீர் பெரும்பாலும் ஏரி மாதிரி கிடக்கும், இரண்டு பக்கமும் மலை. உன் அத்தைக்கு ஊட்டி மலைப் பாதையிலேயே தலை சுற்றும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். வாந்திக்கு மாத்திரை இருக்கிறது, டாக்டரிடம் கேட்டுக் கையில் வைத்துக்கொள், ஆட்டம் தொடங்கின பிறகு போட்டால் பிரயோஜனம் இல்லை, முன்னாலேயே போட வேண்டும். இருந்தாலும் மாத்திரையை நம்புவதைவிட வழியை மாற்றுவது மேல்.

அடுத்து கேபின். ஏஜென்ட் சொல்லும் 'கேரண்டி' கேபின் என்பது எண் தராமல் விற்பது, கடைசியில் மிச்சம் இருப்பதில் எதையாவது தருவார்கள். இளம் ஜோடி என்றால் எடுத்துக்கொள்ளலாம், பெரியவர்களோடு வேண்டாம். கப்பலின் நடுப் பகுதியில், கீழ்த் தளங்களில் ஆட்டம் குறைவு. மூக்குப் பக்கம்தான் ஏறி இறங்கும், ஊஞ்சலின் நுனியில் உட்கார்ந்த மாதிரி. அப்புறம் டெக் பிளானை, அதாவது கப்பலின் தளங்களைக் காட்டுகிற வரைபடத்தை எடுத்து நம் கேபினுக்கு மேலே என்ன, கீழே என்ன என்று பார். மேலேயும் கேபின், கீழேயும் கேபின் என்றால் நிம்மதி. ஒரு முறை மத்தியதரைக் கடலில் எங்களுக்கு நீச்சல் குளத்துக்கு நேர் கீழே கிடைத்தது. காலை ஐந்து மணிக்கு மேலே சாய்வு நாற்காலிகளை இழுத்துப் போட ஆரம்பிப்பார்கள், இரும்புக் கால் தரையில் உரசுகிற சத்தம், கிர்ர்... நிற்கும், கிர்ர்... மறுபடி. ஏழு நாளும் அப்பா அதைக் கேட்டுத்தான் எழுந்தார். உங்கள் இரண்டு பேருக்கும் ஜன்னல் இல்லாத உள் கேபின் போதும், தூங்கத்தானே. சம்பந்திகளுக்கு மட்டும் பால்கனி எடு. மற்ற கடலில் பால்கனி வெறும் ஆடம்பரம் என்பது என் அபிப்பிராயம், அலாஸ்காவில் அப்படி இல்லை. மாமாவுக்கு முட்டி வலி, படியேறி மேல் தளத்துக்கு ஓட முடியாது, போர்வையைச் சுற்றிக்கொண்டு அறையிலிருந்தே மலையையும் திமிங்கிலத்தையும் பார்க்கலாம். எந்தப் பக்கம் என்று கவலைப்படாதே, போய்த் திரும்புகிற பயணத்தில் இரண்டு பக்கமும் கரை வரும், பனிப்பாறைக்கு முன்னால் கப்பலைத் திருப்பிக் காட்டுவார்கள்.

பனிப்பாறை என்றதும்தான் முக்கியமானதைக் கேட்கிறேன். உங்கள் பயணத் திட்டத்தில் 'கிளேசியர் பே' என்று தெளிவாக எழுதியிருக்கிறதா? 'கிளேசியர் பார்த்தல்' என்று பொதுவாகப் போட்டிருந்தால் வேறு இடமாக இருக்கும். அவையும் அழகுதான், ஆனால் முதல் தடவை போகிறவர்களுக்கு கிளேசியர் பேயை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அது தேசியப் பூங்கா, ஒரு நாளைக்கு இரண்டு பெரிய பயணக் கப்பல்களுக்குமேல் விடுவதில்லை, அதனால் எல்லாக் கப்பலும் போகாது. பிரின்சஸ், ஹாலந்து அமெரிக்கா கம்பெனிக் கப்பல்களில் பல போகும், நார்வீஜியனிலும் சில. காலையில் பூங்கா ரேஞ்சர்கள் சின்னப் படகில் வந்து, ஓடிக்கொண்டிருக்கும் கப்பலில் கயிற்றேணி பிடித்து ஏறுவார்கள், நாள் முழுக்க மைக்கில் விளக்கம் சொல்வார்கள். 1794-இல் கேப்டன் வான்கூவரின் ஆட்கள் அந்தப் பக்கம் வந்தபோது வளைகுடாவின் வாசலிலேயே பனி அடைத்து நின்றதாம். இன்றைக்கு நாம் 65 மைல் உள்ளே போய்த்தான் அதைப் பார்க்கிறோம்.

அன்றைக்கு ஸ்பா, பிங்கோ, ஷாப்பிங் எதற்கும் போகாதீர்கள். மார்ஜரி பனிப்பாறைக்கு முன்னால் கப்பல் ஒரு மணி நேரம்போல நிற்கும். அந்தச் சுவர் தண்ணீருக்கு மேலே சுமார் 250 அடி, அகலம் ஒரு மைல், நீலம் என்றால் அப்படி ஒரு நீலம், போட்டோவில் வராது. நாங்கள் முதல் தடவை போனபோது எல்லோரும் பேசிக்கொண்டும் படம் எடுத்துக்கொண்டும் இருந்தார்கள், அப்பா மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றார். திடீரென்று சுவரிலிருந்து சுண்ணாம்பு உதிர்கிற மாதிரி ஏதோ கொஞ்சம் சரிந்தது. சத்தமே இல்லை. இவ்வளவுதானா என்று நினைத்து முடிக்கவில்லை, ஒன்றிரண்டு விநாடி கழித்து இடி விழுந்த மாதிரி சத்தம் வந்து நெஞ்சில் மோதியது. அப்போதுதான் புரிந்தது, சுண்ணாம்பு மாதிரித் தெரிந்த அது நம் வீடு அளவுக்கு இருந்திருக்கும். அந்த மண்ணின் க்லிங்கிட் மக்கள் இதை 'வெள்ளை இடி' என்பார்களாம். அதற்கப்புறம் அந்தத் தளத்தில் ஒருவர்கூடப் பேசவில்லை. அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் நாலு பேர் முன்னால் அவர் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. ஜூன் என்றாலும் அங்கே பனிக்காற்று வெட்டும், மாமாவுக்குக் குல்லாவும் கையுறையும் மறக்காதே, ஆளுக்கொரு பைனாகுலர் இருந்தால் நல்லது, ஒன்றை வைத்து மாற்றி மாற்றிப் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

ஏறுகிற நாளுக்கு முந்தின நாளே துறைமுக ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடுங்கள். எங்களுக்கு பார்சிலோனாவில் நடந்தது உனக்குத் தெரியும், அன்றைக்கே போய் இறங்கி ஏறிக்கொள்ளலாம் என்று டிக்கெட் போட்டோம், விமானம் ஏழு மணி நேரம் தாமதம், நாங்கள் போனபோது துறைமுகத்தில் வெறும் தண்ணீர்தான் இருந்தது. ராத்திரி தங்கி, மறுநாள் ரயில் பிடித்து மார்செய் போய் ஏறிக்கொண்டோம். சியாட்டில் கப்பலாக இருந்தால் அலாஸ்காவில் அடுத்த ஊரில் போய்ப் பிடிப்பதற்கும் அந்த 1886 சட்டமே குறுக்கே நிற்கும். எந்தக் கப்பலானாலும், வழியில் நிற்கிற ஜூனோவுக்கு வெளியூரிலிருந்து சாலையே கிடையாது, விமானம் இல்லாவிட்டால் கப்பல்தான்.

ஊர்களைப் பற்றி ரொம்ப எழுதப்போவதில்லை. ஸ்காக்வேயில் 'ஒயிட் பாஸ்' ரயில் கட்டாயம் போங்கள், தங்க வேட்டைக் காலத்தில் 1898-இல் தொடங்கி 1900-இல் முடித்த பாதை, இருபது மைலில் மூவாயிரம் அடிக்குக் கிட்டத்தட்ட ஏறும், மாமா உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாம் பார்க்கலாம். ஏறும்போது இடது பக்க ஜன்னல். ஜூனோவில் திமிங்கிலப் படகு. கெட்சிக்கனில் மழை பெய்யும், பெய்யாவிட்டால் அதிர்ஷ்டம். சென்னையில் வருஷத்துக்குப் பெய்வதைப்போல இரண்டரை மடங்கு அங்கே பெய்கிறது, குடை காற்றில் திரும்பிக்கொள்ளும், நல்ல ரெயின்கோட் வாங்கு. டூர்களை வெளியே உள்ளூர்க்காரர்களிடம் எடுத்தால் விலை குறைவு, கூட்டமும் குறைவு, நாங்கள் அப்படித்தான் செய்வோம். ஆனால் கப்பல்காரர்களின் டூர் தாமதமானால்தான் கப்பல் காத்திருக்கும், நம் டாக்ஸி தாமதமானால் போய்விடும். ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே திரும்பிவிடுங்கள். மணியைக் கப்பல் நேரப்படி கைக்கடிகாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அலாஸ்கா நேரம் சியாட்டிலுக்கு ஒரு மணி பின்னால், போன் தானாக மாறும்போது குழப்பிவிடும்.

சாப்பாட்டைப் பற்றித்தான் அத்தை கவலைப்படுவார். ரைஸ் குக்கர், கெட்டில் எதுவும் எடுத்துப்போகாதே, ஸ்கேனரில் பிடித்துக் கடைசி நாள்தான் தருவார்கள். வெந்நீர் பஃபேயில் எப்போதும் இருக்கும். சீல் போட்ட பாக்கெட்டில் பருப்புப் பொடியும் ஊறுகாயும் கொண்டுபோகலாம். புக் பண்ணும்போதே இந்திய சைவச் சாப்பாடு என்று எழுதிவிடு, அதோடு நிற்காமல் முதல் நாள் ராத்திரி டைனிங் ரூமில் ஹெட் வெயிட்டரைப் பார்த்துப் பேசு. இன்றைக்குச் சொன்னால் நாளைக்குச் செய்து தருவார்கள். எங்கள் மேஜைக்குப் பரிமாறிய பையன் தூத்துக்குடிக்காரன். எனக்குச் சளி பிடித்திருந்ததைப் பார்த்துவிட்டு மறுநாள் ஒரு காபிக் கோப்பையில் மூடி போட்டு மிளகு ரசம் கொண்டுவந்து வைத்தான், மேலே நாலு கறிவேப்பிலை வேறு, எங்கேதான் பிடித்தானோ. எட்டு மாதம் வாரவிடுமுறைகூட இல்லாத வேலை, குழந்தை பிறந்து இன்னும் முகம் பார்க்கவில்லை என்றான். அதனால் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குப் பதினாறு, இருபது டாலர் என்று கணக்கில் சேர்க்கும் டிப்ஸைச் சிலர் கவுண்டரில் போய் எடுக்கச் சொல்வார்கள், நீ அந்தக் காரியத்தைச் செய்யக் கூடாது. வேண்டுமானால் குடி பேக்கேஜை விட்டுவிடு, அது நம் வீட்டில் யாருக்கும் தேவையில்லை.

சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளைக் கைப்பையில் வைத்துக்கொள், பெட்டி அறைக்கு வர ராத்திரி ஆகும். நாலு நாளுக்குக் கூடுதலாகவே இருக்கட்டும். கப்பலில் டாக்டர் உண்டு, பில் தாங்காது, அதனால் சம்பந்திகளுக்கு ஹெலிகாப்டரில் கொண்டுபோகிற செலவும் சேர்ந்த இன்ஷூரன்ஸ் எடு, அவர்களுக்கு ஏற்கெனவே இருக்கிற வியாதிகளும் அதில் அடங்குமா என்று எழுத்தில் கேள். சானிடைசரை மட்டும் நம்பாதே, கப்பலில் பரவுகிற வயிற்றுப்போக்குக் கிருமிக்கு சோப்பும் தண்ணீரும்தான் மருந்து.

ஏறின அன்றைக்கு மஸ்டர் டிரில் இருக்கும், அதாவது ஆபத்து வந்தால் எங்கே போய்க் கூட வேண்டும் என்கிற பயிற்சி. இப்போதெல்லாம் போனில் வீடியோ பார்த்துவிட்டு இடத்தைப் போய்த் தொட்டுவிட்டு வந்தால் போதும் என்கிறார்கள். நீ சம்பந்திகளைக் கூட்டிக்கொண்டு லிஃப்ட் இல்லாமல் படி வழியாக ஒரு தடவை மெதுவாக நடந்துகாட்டு. 2012 ஜனவரியில் இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா கவிழ்ந்து 32 பேர் இறந்தபோது, அன்றைக்கு ஏறினவர்களுக்கு அந்தப் பயிற்சியே இன்னும் நடக்கவில்லை. ஏழு குட்டை ஊதல், ஒரு நீண்ட ஊதல், அது கேட்டால் எங்கே போக வேண்டும் என்று மாமாவுக்கே தெரிந்திருக்க வேண்டும், நீங்கள் அப்போது பக்கத்தில் இல்லாமல் இருக்கலாம்.

இப்போதைக்கு ஏஜென்டிடம் மூன்று கேள், வான்கூவரில் ஏறுகிற தேதிகள், கிளேசியர் பே உண்டா என்று, அப்புறம் கேபின் எண். எண் வந்ததும் எனக்கு அனுப்பு, நானும் அப்பாவும் டெக் பிளானில் பார்த்துச் சொல்கிறோம். அப்பா இப்போதே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

அன்புடன்,
அம்மா