துட்டி வீட்டில் சொல்லாமல் போனவர்களுக்கு

எங்கள் ஊர்ப் பக்கம் துட்டி வீட்டுக்கு, அதாவது சாவு வீட்டுக்கு, வந்தவர்கள் ‘போயிட்டு வாரேன்’ என்று சொல்ல மாட்டார்கள். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார்கள், சட்டென்று எழுந்து போய்விடுவார்கள். வீட்டுக்காரர்களும் வழியனுப்பக் கூடாது. தாராவிக்கு வந்து இரண்டு தலைமுறை ஆகியும் திருநெல்வேலிக்காரர்கள் இதை மட்டும் விடவில்லை. அதனால் எங்கள் அத்தை, என் மாமியார், தவறிய அன்றிலிருந்து பதினாறாம் நாள் வரை வந்துபோன ஒருத்தருக்கும் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. விசேஷம் முடிந்தது. இனிச் சொல்லலாமா என்று பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

உங்களில் பாதிப் பேருக்கு அத்தையின் பெயர் தெரியாது. இட்லி ஆச்சி என்றால்தான் தெரியும். கைக்குழந்தையோடு மெட்ராஸில் வண்டி மாறி, தாதரில் இறங்கி, நடந்தே இந்தச் சந்துக்கு வந்தவர். கடைசி வரை ‘பம்பாய்’ என்றுதான் சொன்னார். இரண்டு மணிக்கு எழுந்து குளித்து, செந்தூரான் படத்துக்கு விளக்கேற்றிவிட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைப்பார். சஷ்டி ஆறு நாளும் பாலும் பழமுமாக இருந்துகொண்டு அதே கையால் ஆயிரம் இட்லி அவிப்பார். அந்த ஆவிக்கு முன்னால் பட்டினியோடு நிற்க என்னால் ஒரு நாள்கூட முடிந்ததில்லை.

எங்கள் கொப்பரையில் ஒரு ஈட்டுக்கு 60 இட்லி. முதல் ஈடு விற்பனைக்கு இல்லை. சாதாரண நாளில் அது சந்து முனையில் படுத்திருப்பவர்களுக்கும், விடியற்காலை ஷிஃப்ட் முடிந்து வரும் கூட்டித் துடைக்கிற பெண்களுக்கும் போகும். செவ்வாய்க்கிழமை பரேலுக்கு. கல்யாணமாகி வந்த புதிதில் நான் கணக்குப் போட்டுச் சண்டை பிடித்தேன். இந்த அறுபதை விற்றால் மாசம் எத்தனை சிலிண்டர் வாங்கலாம் என்று கேட்டேன். ‘ஏட்டி, முத ஈட்டுக்குத் துணி பழகாது. ஒட்டும். விக்க நல்லாருக்காது. சும்மா கெட’ என்று முடித்துவிட்டார். அப்படித்தான் போல என்று பல வருஷம் நம்பினேன். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த 23 நாளும் நானே துணி விரித்து ஊற்றினேன். ஒரு இட்லி ஒட்டவில்லை.

பரேலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1941இல் திறந்த டாட்டா கேன்சர் ஆஸ்பத்திரிக்கு பீகார், வங்காளம், அசாமிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். தர்மசாலையில் இடம் கிடைக்காதவர்கள் நடைபாதையில் தார்ப்பாய் கட்டி மாசக்கணக்கில் கிடக்கிறார்கள். அத்தை சயானில் வண்டி ஏறி, லேடீஸ் பெட்டியில் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு போவார். முதல் தடவை காரச் சட்னி கொண்டுபோயிருக்கிறார். வாயில் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்துப் புண்ணாகிக் கிடந்த ஒருவர் ஒரு வாய் வைத்துவிட்டு அழுதாராம். அதற்குப் பிறகு சட்னி கிடையாது. சீனி, சூடான பால், அவ்வளவுதான். இட்லியைப் பாலில் பிசைந்து கொடுத்தால் விழுங்கிவிடுவார்கள். மருந்து ஏறுகிறவர்கள் ஆறிப்போனதைச் சாப்பிடக் கூடாது என்று அங்கே ஒரு நர்ஸம்மா சொன்னதிலிருந்து, தூக்கைப் பழைய கம்பளியில் சுற்றி எடுத்துப் போனார். ‘நரம் ஹை, காவ்’ (மெத்தென்று இருக்கு, சாப்பிடு). அத்தைக்கு இந்தி இவ்வளவுதான்.

பக்கவாதம் வந்த ராத்திரி எங்கள் சந்துக்குள் ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை. மாடி வீட்டுப் பையன்கள் நாலு பேர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் தொண்ணூறு அடி ரோடு வரை தூக்கினீர்களே, உங்களுக்குத்தான் முதலில். ஒருத்தன் செருப்பில்லாமல் ஓடினான், கால் கிழிந்தது, மறுநாள்தான் காட்டினான். வாய் கோணிப்போன நிலையிலும் அத்தை என்னைப் பார்த்து மாவை மூடினாயா என்று சைகை காட்டினார். மூடவில்லை. மே மாசம், விடிவதற்குள் பொங்கிப் புளித்திருக்கும். பின்வீட்டு அக்கா சொல்லாமலே உள்ளே வந்து மூடி, நடுராத்திரியில் பாதியை வேறு பானைக்கு மாற்றி, விடியற்காலை அவித்து, இட்லி எடுத்து விற்கும் சைக்கிள்காரர்களுக்கும் எண்ணிக் கொடுத்திருக்கிறார். அக்கா, நீங்கள் நீட்டிய காசு சரியாக இருந்தது. எண்ணிப் பார்த்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். அத்தை வளர்ப்பு.

ரத்தம் கொடுத்தவர்களில் இரண்டு பேர் எங்களிடம் இட்லி எடுத்து விற்கும் உத்தரப் பிரதேசப் பையன்கள். அவர்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. இதை நானே நேரில் சொல்லிவிட்டேன்.

உயிர் போனது மத்தியானம். உடலைக் குளிப்பாட்டும் நீர்மாலைக்கு மகன்மார் தண்ணீர் எடுத்து வர வேண்டும். ஊரென்றால் தாமிரபரணி இருக்கிறது. இங்கே குழாயில் விடியற்காலை கொஞ்ச நேரம் வருவதோடு சரி. நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது சந்தில் ஒவ்வொரு வீட்டிலும் டிரம்மைத் திறந்து ஆளுக்கொரு குடம் மோந்து கொடுத்தீர்கள். அடுத்த நாள் காலை வரை உங்கள் வீட்டில் சமையலுக்கு என்ன செய்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

சின்னக் கொழுந்தனார் துபாயிலிருந்து வந்து சேரும் வரை ஒரு ராத்திரி ஃப்ரீசர் பெட்டி. எங்கள் வீட்டு லைன் தாங்காது என்று தோல் பட்டறை பாய் தன் பட்டறையிலிருந்து வயர் இழுத்துக் கொடுத்து, மிஷினை நிறுத்திவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். எதிர்வீட்டு மராத்திக்கார மாவுஷி பிட்லாவும் (கடலைமாவுக் கூட்டு) பாக்ரியும் (தட்டிச் சுட்ட ரொட்டி) கொண்டு வந்தார். துக்க வீட்டுக்கு அவர்கள் அதுதான் செய்து கொடுப்பார்களாம். எங்கள் முறையில் அடுப்புப் பற்ற வைக்கக் கூடாது, அவர்கள் முறையில் அக்கம்பக்கத்தார் ஊட்ட வேண்டும். இரண்டும் அன்றைக்குப் பொருந்திப் போனது. நான் இரண்டு பாக்ரி சாப்பிட்டேன்.

யார் என்று தெரியாத ஒரு அம்மா, கூட்டத்துக்குள் வந்து பர்ஸிலிருந்து திருச்செந்தூர் இலை விபூதியை எடுத்து அத்தை நெற்றியில் பூசிவிட்டுப் போனார். பன்னீர் இலை காய்ந்து சருகாக இருந்தது. எத்தனை நாளாகப் பத்திரமாக வைத்திருந்தாரோ. அம்மா, நீங்கள் இதைப் படித்தால் ஒரு தடவை வீட்டுக்கு வாருங்கள். முகம் நினைவிருக்கிறது, பெயர் இல்லை.

சயான் மேம்பாலம் 2024 ஆகஸ்டில் அடைபட்ட பிறகு கிழக்குப் பக்கம் போவதென்றால் பெரிய சுற்றாக இருந்தது. மயானம் அந்தப் பக்கம். மாலை நெரிசலில் வண்டிக்கு வழி ஒதுக்கிவிட்ட போலீஸ்காரருக்கும் நன்றி. பந்தல்காரர் விஷயத்தை நான் எழுதப் போவதில்லை. அவருக்குக் கணக்கு தீர்த்தாகிவிட்டது.

பதினாறாம் நாள் எழுதிய மொய்யில் செலவு போக மிஞ்சியதை என்ன செய்வது என்று கொழுந்தன்மார் பேசிக்கொண்டார்கள். ஊர்க் கோயில் கொடைக்கு என்றார் ஒருவர். கல்லில் பெயர் வெட்டலாம் என்றார் இன்னொருவர். எனக்குத் தோன்றியதைச் சொன்னேன், கம்பளி வாங்கலாம் என்று. பழையது நைந்துவிட்டது. போன செவ்வாய் நானும் பின்வீட்டு அக்காவும் பரேல் போனோம். அங்கே ஒரு பாட்டி எங்கள் தூக்கைப் பார்த்து அடையாளம் கண்டுகொண்டு, ‘அம்மா கிதர்?’ (அம்மா எங்கே?) என்றார். எனக்குப் பதில் வரவில்லை. ‘நரம் ஹை, காவ்’ என்று தட்டை நீட்டினேன்.

கடைசியாக ஒன்று. நீர்மாலைக்கு வந்த குடங்களில் ஒரு பித்தளைக் குடம் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. விளிம்பில் சின்ன நசுங்கல், அடியில் ‘மு’ என்று வெட்டியிருக்கிறது. மூன்று வீட்டில் கேட்டுப் பார்த்தேன், அவர்களுடையது இல்லை. காலை பத்து மணிக்கு மேல் வாருங்கள், அதற்கு முன்னால் நான் அடுப்படியில் இருப்பேன். குடத்தை வெறுமனே தர மாட்டேன்.

மூத்த மருமகள்,
தாராவி, மும்பை