மருமகன் வட்டைக்குப் போகும் முன்

அன்பு மகள்,

டெங்குவில் கிடந்த மருமகனுக்கு ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றதில் பெரிய நிம்மதி. ஆனால் அதே கடிதத்தில் மாமி பப்பாசி இலைச் சாறு பிழிகிறா, நீ மணிக்கொரு தரம் இளநீர் கொடுக்கிறாய், அவர் வயல் வட்டைக்குப் பசளை எறியப் போகணும் என்று துடிக்கிறார் என்றும் எழுதியிருக்கிறாய். டெங்கு தன் வேலையை முடித்துவிட்டது. இனி எனக்குப் பயம் இந்த மூன்றுக்கும்தான்.

முதலில் தண்ணீர். டெங்குவில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் இறங்குகிற நேரத்தில்தான் தொடங்கும். ரத்தக் குழாயிலிருந்து நீர்ப்பகுதி கசிந்து நெஞ்சுக்கூட்டிலும் வயிற்றிலும் தேங்கும். அது 24 முதல் 48 மணித்தியாலம். வார்டில் சேலைனையும் சிறுநீரையும் மணிக்கு மணி அளந்தது அதற்காகத்தான். அந்தக் கட்டம் கழிந்ததும் கசிந்த நீரெல்லாம் அடுத்த இரண்டு மூன்று நாளில் திரும்ப ரத்தத்துக்குள் வந்து சேரும். உள்ளேயிருந்தே இவ்வளவு வரும்போது வெளியிலிருந்தும் வற்புறுத்தி ஊற்றினால் நெஞ்சில் நீர் கட்டும். காய்ச்சல் நேரத்தில் சொன்ன இரண்டரை லீற்றர் கணக்கை இப்போது பிடித்துக்கொண்டிராதே. தாகத்துக்குக் குடிக்கட்டும், பசிக்குச் சாப்பிடட்டும். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுவது, படுத்ததும் இருமல் வருவது, காலையில் கண் இமை வீங்குவது, இதில் ஒன்று கண்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ.

இளநீர் நாளைக்கு ஒன்று காணும். அவர் பிரஷருக்கு லொசாட்டன் குடிக்கிறவர். அந்தக் குளிசையும் ரத்தத்தில் பொட்டாசியத்தைக் கூட்டும், இளநீரும் கூட்டும். அதோடு வார்டில் அந்தக் குளிசையை நிறுத்தி வைத்திருந்தார்களா, எப்போது திரும்பத் தொடங்கச் சொன்னார்கள் என்று, துண்டு வெட்டும்போது தந்த டயக்னோசிஸ் கார்ட்டைப் பார். எழுதவில்லை என்றால் பிரஷரை அளந்து, கேட்டுவிட்டுத்தான் கொடுக்கணும். டெங்கு மாறுகிற நாட்களில் பிரஷர் குறைவாகவே இருக்கலாம். வழக்கம்போல் காலையில் குளிசையை விழுங்கிவிட்டுக் கிணற்றடியில் குனிந்து நிமிர்ந்தால் விழுந்துவிடுவார். ஒரு கிழமைக்கு நீயே வாளியில் அள்ளி வை, அவர் கதிரையில் இருந்து குளிக்கட்டும்.

ரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட் 62,000 இருக்கும்போதே அனுப்பிவிட்டார்களே என்று மாமி ஏசுகிறாவாம். 50,000க்கு மேல் வந்து, ஏறிக்கொண்டும் இருந்து, குளிசை இல்லாமலே காய்ச்சல் விட்டு, சாப்பாடும் பிடித்தால் அனுப்புவது முறைதான். சுகமான ஆளுக்கு அது 1,50,000க்கு மேல் இருக்கும். அநேகமாக ஒரு கிழமையில் அந்த அளவுக்கு வந்துவிடும். கார்ட்டில் போட்ட திகதிக்கு எஃப்.பி.சி. என்கிற முழு ரத்தப் பரிசோதனை எடுக்கத் தவறாதே. ரிப்போட் வந்ததும் எல்லாரும் பிளேட்லெட்டை மட்டும் பார்ப்பார்கள். நீ பி.சி.வி.யையும், அதாவது ரத்தத்தில் சிவப்பணு எவ்வளவு பங்கு என்ற கணக்கையும் பார். வார்டில் கடைசியாக எடுத்ததைவிட அது நன்றாக இறங்கியிருந்தால் உள்ளே எங்கோ ரத்தம் கசிகிறதா என்று டொக்டர் யோசிப்பார். பிளேட்லெட் ஏறாமல் இறங்கியிருந்தாலும் அன்றைக்கே காட்டு.

வெட்கப்படாமல் மலத்தின் நிறத்தையும் கேள். தார் போலக் கறுத்து, ஒட்டி, நாறினால் அது குடலில் ரத்தம். இரும்புச்சத்துக் குளிசை குடித்தாலும் கறுக்கும், அதனால் அது கொடுத்திருக்கிறார்களா என்று முதலில் பார்த்துக்கொள். பிளேட்லெட் பழைய நிலைக்கு வரும் வரை பிளேட்டால் முகம் வழிப்பது, பல்லுப் பிடுங்குவது, சதையில் ஊசி போடுவது, லேண்ட்மாஸ்டர் உழவு மெசின் ஓடுவது ஒன்றும் வேண்டாம்.

அதைவிட முக்கியம் நோக் குளிசை. அவருக்கு இடுப்பு நோ வந்தால் பாமசியில் டைக்ளோபெனாக் வாங்கி விழுங்குகிற பழக்கம் இருக்கு. டைக்ளோபெனாக், ஐபுப்ரோபன், மெபனமிக் அசிட், அஸ்பிரின் எல்லாம் வயிற்றின் உட்சுவரைப் புண்ணாக்கும், பிளேட்லெட்டின் வேலையையும் தடுக்கும். பிளேட்லெட் குறைந்த நேரத்தில் இந்த இரண்டும் சேர்ந்தால் ரத்தம் நிற்காது. வீட்டில் இருக்கிற குளிசைப் பட்டையை எடுத்து உன் அலுமாரியில் பூட்டி வை. உளைவு தாங்காவிட்டால் பனடோல் (பரசிட்டமோல்) மட்டும், அதுவும் 6 மணித்தியால இடைவெளியில், டொக்டர் சொன்ன அளவுக்குள். டெங்குவில் ஈரலும் அழன்றுபோயிருக்கும். தடிமல் குளிசைகள் பலவற்றிலும் பனடோல் மருந்துதான் கலந்திருக்கு, இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடாதே. கூட்டாளிமார் களைப்புத் தீரட்டும் என்று சாராயப் போத்தலோடு வருவார்கள். ஈரல் ரிப்போட் சரியாகும் வரை அவர்களை வாசலோடு அனுப்பு.

பப்பாசி இலை விஷயத்தில் மாமியோடு சண்டை பிடிக்காதே. இந்த நாட்களில் பிளேட்லெட் தானாகவே ஏறும். பிளேட்லெட்டை உண்டாக்குகிற எலும்பு மச்சை செய்த வேலைக்குப் பப்பாசி பேர் வாங்கிக்கொண்டு போகிறது. பச்சைச் சாறு அவருடைய வயிற்றைக் குமட்டிச் சத்தி எடுக்க வைத்தால், அது நோயின் சத்தியா சாற்றின் சத்தியா என்று டொக்டருக்கும் பிடிபடாது. அவவுக்குக் கஞ்சி காய்ச்சுகிற பொறுப்பைக் கொடு. மகனுக்கு ஏதாவது செய்துகொண்டிருந்தால்தான் அவவுக்கு மனம் ஆறும்.

இனி வட்டை. குறைந்தது இரண்டு கிழமைக்குப் போகக்கூடாது. டெங்கு மாறும்போது நாடி மெதுவாக ஓடுவது சாதாரணம்தான், ஆனால் சிலருக்கு இதயத் தசையிலும் அழற்சி இருக்கும். வீட்டுக்குள் இருக்கும்போது அது தெரியாது. பசளை மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு சேற்றில் நடக்கும்போதுதான் தெரியும். முதலில் வளவைச் சுற்றி, பிறகு கடைத்தெரு வரை நடக்கட்டும். இளைக்காமல், நெஞ்சு படபடக்காமல், தலை சுற்றாமல் போய்வந்தால்தான் அடுத்த கதை. இந்தப் போகத்துக்குப் பசளை எறியக் கூலிக்கு ஆள் பிடி. மிச்சம் பிடிக்கிற காசு இதில் வேண்டாம்.

காய்ச்சல் திரும்ப வந்தால் ‘டெங்குவின் மிச்சம்’ என்று வீட்டில் வைத்துக்கொள்ளாதே. காய்ச்சல் தொடங்கும் முன் அவர் வயலில் நின்றவர். எலி மூத்திரம் கலந்த வயல் தண்ணீரால் வருகிற எலிக்காய்ச்சல் உடம்பில் புகுந்து 2 நாள் முதல் 30 நாள் வரைக்குள் எப்போதும் தலைகாட்டலாம். கெண்டைக்கால் தொடமுடியாத நோ, கண் சிவப்பு, சிறுநீர் குறைவது என்றால் ‘வயலில் வேலை செய்கிறவர்’ என்பதை டொக்டரிடம் நீயே முதல் வசனமாகச் சொல். சேலைன் ஏற்றிய கையையும் பார். நரம்பு கயிறு மாதிரித் தடித்திருந்தால் இளஞ்சூட்டு ஒத்தடம் காணும், சிவந்து பரவி, சீழ் பிடித்து, குளிரும் காய்ச்சலும் வந்தால் அது கிருமி. பிறகு வட்டைக்குத் திரும்பும்போது, எலிக்காய்ச்சலுக்குக் கிழமைக்கொரு முறை குடிக்கிற டொக்சிசைக்கிளின் குளிசையைப் பி.எச்.ஐ.யிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம்) கேட்டு முன்கூட்டியே தொடங்கட்டும்.

தொடர்ந்து சத்தி, கடும் வயிற்று நோ, கை கால் குளிர்ந்து வியர்ப்பது, மயக்கம், நிற்காத ரத்தம், 6 மணித்தியாலமாகச் சிறுநீர் இல்லை என்றால் ஓட்டோவுக்கு ஆள் அனுப்பாமல் 1990க்கு அடி, சுவசெரிய அம்புலன்ஸ் வரும். காசில்லை. கார்ட்டைக் கையோடு கொண்டு போ.

உள்ளங்கை, உள்ளங்கால் அரிப்பும், சிவந்த தோலில் வெள்ளை வெள்ளையாகத் திட்டும் வந்தால் பதறாதே, அது மாறுகிற அடையாளம். களைப்பும் மனச்சோர்வும் சில கிழமை நிற்கும். இரண்டு மூன்று மாதம் கழித்துத் தலைமயிர் கொத்தாகக் கொட்டலாம், திரும்ப முளைக்கும்.

பிள்ளைகளைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. தகப்பனைக் கடித்த நுளம்பு இன்னும் வளவில் இருக்கும். அடுத்த இரண்டு கிழமைக்குள் ஆருக்குக் காய்ச்சல் வந்தாலும் மூன்றாம் நாள் எஃப்.பி.சி. எடு. சின்னவள் பகலில் தூங்கும்போதும் வலை போடு, இந்த நுளம்பு கடிப்பது பகலில்தான். தண்ணீர்ப் பரலைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, நுளம்பு முட்டை உட்சுவரில் ஒட்டிக் காய்ந்தபடி மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தும்பால் அழுத்தி உரஞ்சு. டெங்குவில் நாலு வகை. ஒரு வகை வந்து போனவருக்கு வேறு வகை வந்தால் கடுமையாகத் தாக்கும் வாய்ப்புக் கூட. அதனால் மருமகனும் இனி வலைக்குள்தான்.

எஃப்.பி.சி. ரிப்போட் கிடைத்ததும் முழுத் தாளையும் படம் எடுத்து அனுப்பு, மூலை மடியாமல்.

அன்புடன்,
அம்மா
கல்லடி