இடம் பார்த்தாச்சு, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் பழையபடிதான். அதை எழுத வேண்டாம் என்றிருக்கிறாள், எழுதிவிட்டேன். நாய்க்குட்டியும் நலம். நீ அதை என் கையில் கொடுத்துவிட்டுப் போய் இன்றோடு ஐந்து வாரமும் இரண்டு நாளும் ஆகிறது.

இதை வாட்ஸ்அப்பிலேயே அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் நீலக் குறி விழுந்ததா என்று மணிக்கொரு தரம் எடுத்துப் பார்ப்பேன். காகிதத்தில் அந்தத் தொல்லை கிடையாது. போனில் கூப்பிட்டால் "அப்புறம் பேசறேம்ப்பா" என்கிறாய். அந்த அப்புறம் இன்னும் வந்தபாடில்லை. குறையாகச் சொல்லவில்லை. உனக்கு வேலை இருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். குட்டிக்கு இடம் அமைந்துவிட்டது என்றே நினைக்கிறேன். "நல்ல இடமா பாத்துக் குடுங்கப்பா" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு வண்டி ஏறிவிட்டாய். அந்த ஒரு வரிக்கு நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன், கேள்.

நீ போன அன்றே அது உன் அறைக் கட்டிலுக்கு அடியில் போய், சுவர் மூலையில் ஒண்டிக்கொண்டது. பத்து நாள் நீ அந்த அறையைவிட்டு வராமல் படுத்துக் கிடந்தாய். நீ போனதும் அது படுத்துக்கொண்டது. நான் கையை விட்டு வெளியே இழுத்தேன். தரையோடு தரையாகப் படுத்து, அப்படியே சிறுநீர் விட்டது. சத்தம் போட்டேன். மறுநாள் கால்நடை மருத்துவரிடம் சொன்னபோது அவர் குட்டியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். அது சேட்டை இல்லையாம், "என்னை ஒன்றும் செய்துவிடாதே" என்று கெஞ்சுகிறதாம். அதட்டினால் இன்னும் அதிகமாகுமாம்.

பல்லை எண்ணிப் பார்த்தார். பால்பல் இருபத்தெட்டும் இருந்தன. பத்து வாரம் இருக்கும் என்றார். குட்டிகளுக்கு மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினான்கு வாரம் வரைக்கும்தான் உலகத்தோடு பழகுகிற காலமாம். அந்த நாட்களில் பார்த்த மனிதர், கேட்ட சத்தம், மிதித்த தரை எல்லாம் அதற்குச் சொந்தமாகிவிடும். பிறகு வருவதெல்லாம் கொஞ்சம் அந்நியம்தான். இது அந்தக் காலத்தில் பெரும்பகுதியைக் கால்வாய்க் குழாய்க்குள் கழித்திருக்கிறது. "இனிமே பழகாதா டாக்டர்?" என்று கேட்டேன். "பழகும், அவசரப்படுத்தாதீங்க" என்றார்.

அந்தக் குழாய்க்குள் நீ தோள்வரைக்கும் கையை விட்டாயே, அன்றைக்கு நான் பின்னால் நின்று "பாம்பு இருக்கும், விடு" என்று கத்திக்கொண்டிருந்தேன். நீ கையை எடுக்கவில்லை. அந்தத் துணிச்சல் எனக்கு எந்த வயதிலும் இருந்ததில்லை. இதை உன்னிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டும்.

அதற்கப்புறம் நான் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார ஆரம்பித்தேன். முகத்தைப் பார்க்கக்கூடாது, மேலே குனியக்கூடாது, கையை நீட்டக்கூடாது. வேகவைத்த கோழியை நகத்தளவு கிள்ளி வைத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று உன் அம்மாவைக் கேள். பன்னிரண்டாம் நாள் என் பெருவிரலில் ஈரமாக ஏதோ பட்டது. நக்குகிறது. அம்மாவைக் கூப்பிட வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். பெருவிரல் மரத்துப்போகும்வரை அசையவில்லை.

சரியாகச் சாப்பிடு, பாப்பா. போனில் உன் குரல் மெலிந்திருக்கிறது.

முதலில் ஓர் இடத்துக்குக் கொடுத்தேன், அதை உன்னிடம் சொல்லவில்லை. நல்ல குடும்பம்தான். ஆறு வயதும் நாலு வயதுமாக இரண்டு பிள்ளைகள். பந்து, பொம்மை, புது பெல்ட் எல்லாம் வாங்கிக்கொண்டு வந்தார்கள். குட்டி உதட்டை நக்கிக்கொண்டே இருந்தது, கொட்டாவி மேல் கொட்டாவி விட்டது. தூக்கம் வந்துவிட்டது என்று நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அது தூக்கம் இல்லை, பயம் என்று இப்போது தெரிகிறது. தலையைத் திருப்பிக்கொண்டு வெள்ளை விழி தெரியப் பார்க்கும், அதுவும் பயம்தான். நாலாம் நாள் திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். "ஒட்டவே மாட்டேங்குது சார், பிள்ளைங்க ஆசையா தூக்க வந்தா அலமாரிக்குப் பின்னாடி போயிடுது." அவர்கள்மேல் தப்பில்லை. நாலு வயதுப் பிள்ளையிடம் சும்மா இரு என்றால் இருக்குமா? எனக்குத்தான் தள்ளிவிட்டால் போதும் என்று இருந்தது.

வந்ததும் நேராக உன் கட்டிலுக்கு அடியில் போனது. இரண்டு நாள் ஒன்றும் தின்னவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

அதற்கப்புறம் யார் வந்தாலும் நான் வக்கீல் மாதிரி கேள்வி கேட்டேன். வீட்டில் யார் யார்? பகலில் யார் இருப்பார்கள்? வாடகை வீடென்றால் உரிமையாளருக்குத் தெரியுமா? ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள்? பழைய நாய் இருந்ததா, அது எப்படிப் போனது? இந்தக் கடைசிக் கேள்வியில் பாதிப்பேர் முகம் மாறும். காவலுக்குக் கேட்டு ஒருவர் வந்தார். "குரைக்குமா?" என்றார். வாசலோடு அனுப்பிவிட்டேன். "பெட்டையா? அப்ப வேண்டாம்" என்று போனிலேயே வைத்தவர்கள் மூன்று பேர். அவர்களிடம் கொஞ்சம் கூடுதலாகவே பேசிவிட்டேன். ஒரு தம்பி வந்தான், தங்கமான பையன். ஆனால் தனி ஆள், காலை எட்டுக்குப் போனால் இரவு ஏழுக்குத்தான் வருகிறான். எத்தனை மாதக் குட்டியோ அதோடு ஒன்றைக் கூட்டினால் வருகிற மணி நேரம்தான் சிறுநீரை அடக்கும் என்கிறார்கள். நாலு மாதத்துக்கு ஐந்து மணி, அதுவே அதிகம். பதினொரு மணி நேரம் பூட்டிய வீட்டில் தனியாக இருந்தால் அது என்ன ஆகும்? வீடு பெரிதாக இருந்து என்ன, வசதி இருந்து என்ன, உள்ளே பேச்சுத் துணை இல்லாவிட்டால்.

இப்போது அமைந்திருப்பது ஓர் அம்மா. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் அவரும் ஒன்பது வயதான ஒரு நாயும்தான், கிழம், சாது. அவர் வந்ததும் குட்டி எங்கே என்று கேட்கவில்லை. நான் வக்கீல் வேலையை ஆரம்பிக்கும் முன் அவரே என்னைக் கேட்டார். எந்தச் சத்தத்துக்குப் பயப்படுகிறது, ஆணைக் கண்டாலா பெண்ணைக் கண்டாலா, எந்தப் பக்கம் தொட்டால் ஒதுங்குகிறது? பாதிக்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

அப்புறம் உன் அறை வாசலில், கட்டிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் படிக்க ஆரம்பித்தார். பத்து நிமிஷம், இருபது நிமிஷம். நான் நடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் மூக்கு தெரிந்தது. பிறகு ஒரு காது. வயிறு தரையில் உரச ஊர்ந்து வந்து, பின்னங்கால் இரண்டையும் கட்டிலுக்கு அடியிலேயே வைத்துக்கொண்டு, கழுத்தை மட்டும் எட்டி நீட்டி அவர் குதிகாலை முகர்ந்தது. ஓடத் தயாராக முகர்வது அது. அவர் பக்கத்தைத் திருப்பினார், அந்தக் காகிதச் சத்தத்துக்கே உள்ளே போய்விட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நாற்பது நிமிஷம் கழித்து எழுந்து, "அடுத்த தடவை எங்க கிழவியையும் கூட்டிட்டு வரேன்" என்று போய்விட்டார்.

இரண்டாம் முறை கிழவியும் வந்தது. மனிதர்களிடம் அப்படி நடுங்குகிற குட்டி, கிழவியின் தாடையை நக்கிக்கொண்டு வெளியே வந்து நின்றது. தைரியமான பெரிய நாய் கூட இருந்தால் குட்டி அதைப் பார்த்தே கற்றுக்கொள்ளுமாம். மூன்றாம் முறை கோழியை அந்த அம்மாவின் உள்ளங்கையிலிருந்தே எடுத்தது. வால் கீழேதான் இருந்தது, நுனி மட்டும் ஆடியது.

அடுத்த ஞாயிறு கொண்டுபோகிறார். நான் சொன்னதையே பத்துத் தரம் சொல்லிவிட்டேன். வாசல் கதவு, வாசல் கதவு. பயந்த நாய் முதல் சில நாட்களில்தான் ஓடும், ஓடினால் கூப்பிட்டாலும் வராது. வெளியே போனால் கழுத்து பெல்ட்டில் ஒரு கயிறு, மார்பைச் சுற்றிப் போடுகிற ஹார்னஸில் ஒரு கயிறு, இரண்டும் வேண்டும். பெல்ட்டில் போன் நம்பர் போட்ட தகடு. சாக்லேட், திராட்சை, வெங்காயம் கண்ணிலேயே காட்டக்கூடாது. மூன்று நாள் மிரட்சி, மூன்று வாரத்தில் வீட்டு நடைமுறை பிடிபடும், மூன்று மாதத்தில்தான் தன் வீடு என்று நினைக்கும். இது அவருக்கே தெரிந்திருந்தது, பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். ஊசிக் கணக்கை எழுதிக் கொடுத்துவிட்டேன். கூட்டு ஊசி இரண்டும் வெறிநோய்க்கு ஒன்றும் போட்டாகிவிட்டது, ஒன்று பாக்கி. குடற்புழு மருந்து தேதிகளும் அதில் இருக்கின்றன.

கடைசியில் ஒரு தாளில் ஒப்புதல் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். கருத்தடை, ஊசி எல்லாம் ஒவ்வொரு வரி. கீழே நானே ஒன்று சேர்த்தேன்: "ஒத்துவரவில்லை என்றால், ஒரு நாள் கழித்தானாலும் ஒன்பது வருஷம் கழித்தானாலும், இந்த வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவரலாம். காரணம் கேட்க மாட்டோம்." அந்த அம்மா அதைப் படித்துவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இது எனக்கா சார்?" என்றார். குட்டிக்குத்தான் என்றேன்.

பாப்பா, கட்டையன் விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். அம்மாவுக்குத் தெரியும். இத்தனை வருஷமாகச் சொல்லச் சொல்லி அவள் ஓய்ந்துவிட்டாள்.

கட்டையன் ஓடிப்போகவில்லை. அந்த வாடகை வீட்டில் நாய் கூடாது என்றார்கள், உனக்குத் தெரிந்தால் அழுவாய் என்று நீ பள்ளிக்கூடம் போன நேரத்தில் சரக்கு வண்டிக்காரர் ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். எந்தத் தெரு, வீட்டில் யார், ஒன்றுமே கேட்கவில்லை. நீ வந்து கேட்டபோது கதவு திறந்திருந்தது, ஓடிவிட்டது என்றேன். காலையில் கடைசியாகக் கதவைத் திறந்தது நீ. நீயே அதைக் கணக்குப் போட்டுக்கொண்டாய். ஒரு வாரம் தெருத்தெருவாக டார்ச்சைப் பிடித்துக்கொண்டு தேடினாய், நானும் கூட வந்தேன். உன் தப்பில்லை என்று அந்த ஒரு வாரத்தில் எத்தனை தடவை சொல்லியிருக்கலாம். இன்றைக்கும் நீ எந்த வீட்டுக் கதவையும் சாத்திவிட்டு இரண்டு தரம் இழுத்துப் பார்க்கிறாய். நான் பார்க்காத மாதிரி இருந்துவிடுவேன்.

இன்னும் இருக்கிறது. மூன்றாம் நாள் அந்த வண்டிக்காரர் அலுவலகத்துக்கே என்னைத் தேடி வந்தார். "சார், தின்ன மாட்டேங்குது, செவுத்தப் பாத்துப் படுத்துக் கெடக்கு, நீங்களே கூட்டிட்டுப் போயிடுங்க" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "போகப் போகப் பழகிடும்" என்றேன். அவர் மறுபடி வரவில்லை.

அந்த வார்த்தையை அதற்கப்புறமும் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். கல்யாணமாகி நாலாம் மாதம், ராத்திரி பதினொரு மணிக்கு நீ போன் செய்தாய். உனக்கு நினைவிருக்கும். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நீ அன்றைக்கு என்ன சொல்ல வந்தாய் என்று நான் கேட்கவே இல்லை.

வேறென்ன எழுத. குட்டிக்கு முன்பல் ஒன்று விழுந்துவிட்டது, கட்டிலடியில் பெருக்கும்போது கிடைத்தது, அரிசிமணி அளவு. உன் பால்பல் இருக்கிற டப்பாவிலேயே போட்டு வைத்திருக்கிறேன். அது படுத்திருந்த உன் பழைய நீலச் சட்டையைப் பாதியாகக் கிழித்து ஒரு பாதியை அந்த அம்மாவிடம் கொடுக்கப் போகிறேன். புது இடத்தில் தெரிந்த வாசனை ஒன்று இருக்க வேண்டுமாம். கோபித்துக்கொள்ளாதே. சரியாகச் சாப்பிடு, தூங்கு.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: வாசல் பூட்டு இறுகிப்போயிருக்கிறது, மாற்றிவிடலாம் என்றேன். அவளிடம் ஒரு சாவி இருக்கிறதே, மாற்றாதீர்கள் என்கிறாள் அம்மா. எண்ணெய் விட்டிருக்கிறேன். கதவைக் கொஞ்சம் உன் பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு திருப்பினால் திறக்கும்.