ஸ்கின்னி பப்பியை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இசையைச் சித்திரவதைக் கருவியாக்கியது பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். அமெரிக்க ராணுவத்தின் குவாண்டனாமோ சிறையில் கைதிகளைத் தூங்கவிடாமல் பாட்டை அலறவிட்ட கொடுமையைத் தமிழில் விளக்கமாக எழுதியதற்கு நன்றி. ஆனால் கடைசிப் பத்தி மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. "கனடா நாட்டு இரைச்சல் குழு ஒன்று, தன் பாட்டைப் பயன்படுத்தியதற்காக அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கு 6,66,000 டாலருக்கு பில் அனுப்பியது" என்று ஒரு வேடிக்கைத் துணுக்கு போல முடித்துவிட்டீர்கள். அந்தக் குழுவின் பெயர்கூட இல்லை.

பெயர் ஸ்கின்னி பப்பி. தங்கள் பாட்டு அந்தச் சிறையில் போடப்பட்டது என்று கேள்விப்பட்டு, 2014-இல் அவர்கள் அந்த பில்லைப் பற்றி வெளியே சொன்னார்கள். பணம் வரும் என்று எதிர்பார்த்து அனுப்பியது அல்ல அது. வதைபடும் உயிரின் பக்கம் நின்றே ஆயுள் முழுக்கப் பாடியவர்கள் அவர்கள். அந்தப் பாட்டையே எடுத்து இன்னொரு மனிதனை வதைத்தால் எப்படி இருக்கும்? அந்தக் கோபத்தைப் புரிந்துகொள்ள அவர்களுடைய ஆல்பங்களைக் கேட்க வேண்டும். எதை முதலில் கேட்பது, எதைப் பிறகு கேட்பது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். இடம் போதாவிட்டால் சுருக்கிக்கொள்ளுங்கள். பாட்டுகளின் பெயரை மட்டும் தயவுசெய்து வெட்ட வேண்டாம்.

கனடாவின் மேற்குக் கரையில் உள்ள வான்கூவர் நகரில் 1982-இல் செவின் கீ, நிவெக் ஓகர் என்ற இருவர் தொடங்கிய குழு இது. இருவருக்குமே இயற்பெயர் கெவின். ஒருவர் தன் பெயரை எழுத்துத் தலைகீழாக்கி நிவெக் ஆனார். செவின் அதற்கு முன் ஒரு பாப் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். மெஷின் அடிக்கும் தாளத்துக்குள்ளும் ஒரு கை அடிப்பது போன்ற உணர்வு இவர்களிடம் கடைசிவரை இருந்ததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஒரு நாயின் கண்ணால் மனித வாழ்க்கையைப் பார்த்தால் எப்படித் தெரியும் என்பதுதான் ஆரம்பத்தில் அவர்கள் பிடித்துக்கொண்ட கரு. ஓகரின் குரல் சீறலும் முனகலுமாக, சிதைந்து, எதிரொலியில் நனைந்து வருவதற்கு அர்த்தம் அங்கேதான் இருக்கிறது. அடிபடுகிற பிராணி ராகம் போட்டுக்கொண்டா அழும்?

புதிதாகக் கேட்பவர்கள் பெரும்பாலும் முதல் ரெக்கார்டிலிருந்து வரிசையாகப் போகப் பார்ப்பார்கள். வேண்டாம். 1988-இல் வந்த 'விவிசெக்ட் சிக்ஸ்' ஆல்பத்தை எடுங்கள். அதிலும் முதலில் 'டெஸ்சர்'. விலங்குகள் மீது நடத்தும் பரிசோதனைக்கு எதிரான பாட்டு. ஆச்சரியம் என்னவென்றால் அதற்கு ஆடலாம்! தாளம் நிதானமாக நடக்கிறது, மேலே மனதில் ஒட்டிக்கொள்ளும் ஒரு சின்ன சிந்தசைசர் மெட்டு. நடுநடுவே ஆய்வுக்கூடத்திலிருந்து தப்பிய இரண்டு நாய்களைப் பற்றிய ஓர் அனிமேஷன் படத்தின் வசனத் துண்டுகள் வந்து விழுகின்றன. மெட்டு இழுத்துக்கொண்டு போகும், அந்தத் துண்டுகள் காலைப் பிடித்து நிறுத்தும்.

நான் மருந்தாளுநர். தொண்ணூறுகளில் பி.ஃபார்ம் படித்தேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். மருந்து உடம்பில் என்ன செய்கிறது என்று படிக்கும் பார்மகாலஜி லேபில், தவளையின் வயிற்றுத் தசையை வைத்து அப்போது ஒரு சோதனை இருந்தது. காகிதம் சுற்றிய, சுழலும் உருளை ஒன்றைப் புகையில் காட்டிக் கரியேற்றுவோம். தவளையின் தலைக்குப் பின்னால் ஊசியை இறக்கி, மூளையையும் தண்டுவடத்தையும் சிதைத்து, தசையை வெட்டியெடுத்து, அதை உயிர்ப்போடு வைத்திருக்கும் ரிங்கர் என்ற உப்புக் கரைசலில், ஒரு நெம்புகோலோடு கட்டித் தொங்கவிட வேண்டும். நரம்பின் கட்டளையைத் தசைக்குக் கொண்டுபோகும் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தைச் சொட்டு விட்டால் தசை சுருங்கும். நெம்புகோலின் முனை கரியில் ஒரு வெள்ளைக் கோடு கிழிக்கும். மருந்தின் அளவைக் கூட்டக் கூட்டக் கோடும் உயரும். பரீட்சைக்கு அழகான படம். எங்கள் மேசைத் தவளைக்கு ஊசி சரியாக இறங்கவில்லை. அது வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. "நேரமாகிறது, வெட்டுங்கள்" என்றார் ஆசிரியர். வெட்டினோம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ரெக்கார்ட் நோட்டில் அதற்கு இடமும் இல்லை.

அந்த வருடம்தான் ஹாஸ்டல் தோழி ஒருத்திக்குக் கனடாவில் இருந்த அவள் அண்ணன் ஒரு கேசட் பதிவு செய்து அனுப்பினார். வாக்மேனில் மாற்றி மாற்றிக் கேட்டோம். 'டெஸ்சர்' எதைப் பற்றியது என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அதே ஆல்பத்தில் 'விஎக்ஸ் கேஸ் அட்டாக்' என்ற பாட்டு இருக்கிறது. விஎக்ஸ் ஒரு நரம்பு விஷம். நம் உடம்பில் அசிட்டைல்கோலின் தன் வேலையை முடித்ததும் அதை உடைத்துப் போட ஒரு நொதி உண்டு. விஎக்ஸ் அந்த நொதியை முடக்கிவிடும். அப்புறம் சுருங்கிய தசை தளராது. எச்சில் ஒழுகும், மூச்சுக்குழல் இறுகும், சுவாசத் தசைகள் ஓய்ந்துவிடும். நம் டெல்டா வயல்களில் அடிக்கிற சில பூச்சிமருந்துகளும் இதே வழியில்தான் கொல்கின்றன. அதனால்தான் மருந்து குடித்துவிட்டு வருகிறவர்களுக்கு ஆஸ்பத்திரியில் முறிவு மருந்தான அட்ரோபினை மேலும் மேலும் போடுகிறார்கள். ஈராக்கின் ஹலப்ஜாவில் குர்து மக்கள் மீது ரசாயனக் குண்டு போட்டது 1988 மார்ச்சில். அதே ஆண்டில்தான் இந்த ஆல்பமும் வந்தது. பாட்டில் செய்திக் குரல்கள் துண்டு துண்டாக வரும், தாளம் மூச்சுத் திணறுவது போல முட்டி முட்டி நகரும். பார்மகாலஜி தெரிந்தவர்களுக்கு அது வயிற்றைப் பிசையும். இதற்கு இரைச்சல் என்று பெயர் வைத்தால் ஒப்பாரியும் இரைச்சல்தான்.

அந்த ஆண்டு மேடையில் அவர்கள் ஒரு பொம்மை நாயை அறுத்துக் காட்டினார்கள். நாய்க்கு 'சட்' என்று பெயர். அமெரிக்காவின் சின்சினாட்டியில் அதை நிஜ நாய் என்று நம்பிய யாரோ போலீசைக் கூப்பிட, குழுவினர் கைதாகி அபராதம் கட்டினார்கள். ஒரு பொம்மைக்காகப் பதறி ஓடியிருக்கிறார் அந்த மனிதர். அந்தப் பதற்றத்தைத்தான் நிஜ நாய்களுக்காகவும் எழுப்பப் பார்த்தார்கள் இவர்கள். காட்சி பலித்தது என்றுதான் நான் சொல்வேன்.

சரி, இது பிடித்துவிட்டால் பின்னோக்கிப் போகலாம். 1984-இல் நெட்வெர்க் நிறுவனம் வெளியிட்ட 'ரெமிஷன்' சின்னத் தட்டு, எளிமையானது. 'ஸ்மதர்ட் ஹோப்' ஒன்றைக் கேட்டால் போதும். 1985-இன் 'பைட்ஸ்' ஆல்பத்தில் 'அசிமிலேட்'. இவர்களைத் தெரிந்த எல்லாருக்கும் தெரிந்த பாட்டு அது. அப்போது உடன் இருந்த பில் லீப் 1986-இல் பிரிந்துபோய் ஃப்ரண்ட் லைன் அசெம்பிளி என்ற தனிக் குழுவைத் தொடங்கினார். அவர் இடத்தில் எட்மண்டன் நகரத்துக்காரர் டுவெய்ன் கெட்டல் வந்தார். பியானோவை முறையாகக் கற்றவர், சாம்ப்ளர் கருவியில் மன்னன். வெளியில் பதிந்த எந்தச் சத்தத்தையும் கீபோர்டின் கட்டைகளில் ஏற்றி, இழுத்து, நசுக்கி வாசிக்க உதவும் கருவி அது. அவர் வந்த பிறகு இந்தக் குழுவின் இசைக்கு ஆழம் கூடிவிட்டது. ஹெட்போனில் கேட்டால்தான் தெரியும்: முன்னால் தாளம், அதன் பின்னால் ஒரு கதவு, கதவுக்குப் பின்னால் யாரோ பேசுவது, அதற்கும் பின்னால் ஒரு மெட்டு. 1986 ஆல்பத்தில் இருக்கும் 'டிக் இட்' அந்தக் காலத்தின் முத்திரை. நைன் இஞ்ச் நெயில்ஸ் குழுவின் டிரென்ட் ரெஸ்னர் தன் முதல் பாட்டுக்கு அதுதான் அச்சு என்று ஒப்புக்கொண்டவர். 1988-இல் ஸ்கின்னி பப்பி மேடை ஏறுமுன் வாசித்த குழு அவருடையது. அவர் பெயர் உலகத்துக்கே தெரிகிறது, இவர்கள் பெயர் நம் கட்டுரையில்கூட இல்லை.

1987-இன் 'கிளென்ஸ் ஃபோல்ட் அண்ட் மேனிபுலேட்' இருட்டாக, நிதானமாகப் போகும். எனக்குப் பிடிக்கும், ஆனால் முதலில் கேட்க வேண்டியது அல்ல. 1989-இன் 'ரேபிஸ்' ஆல்பத்தில் மினிஸ்ட்ரி குழுவின் அல் ஜோர்கென்சன் வந்து கிட்டாரைப் புகுத்தினார். மெட்டல் கேட்பவர்கள் அந்த வழியாக உள்ளே வரலாம். மற்றவர்கள் 'வொர்லாக்' மட்டும் கேட்டுவிட்டு நகருங்கள்.

1990-இன் 'டூ டார்க் பார்க்' நான் அதிகம் கேட்கிற ஆல்பம். பத்துப் பாட்டு, ஒன்றுகூட வீண் இல்லை. காடும் கடலும் விஷமாவது பற்றி. 'ஷோர் லைண்ட் பாய்சன்', 'நேச்சர்ஸ் ரிவெஞ்ச்' என்று தலைப்புகளே சொல்லிவிடும். அதில் 'ஸ்பாஸ்மோலிட்டிக்' என்றும் ஒரு பாட்டு. வயிற்றுப் பிடிப்புக்குக் கடையில் தினமும் நான் எடுத்துக் கொடுக்கிற மாத்திரை வகைக்கு அந்தப் பெயர். ஓகர் பாடுவது போதைக்கு அடிமையான உடம்பின் இழுப்பை. அவருடைய சொந்த உடம்பு அது.

அந்த இழுப்பின் உச்சம் 1992-இன் 'லாஸ்ட் ரைட்ஸ்'. இதை மட்டும் அவசரப்பட்டுத் தொடாதீர்கள். மற்றவை பழகிய பிறகு, ஒரு ராத்திரி, வேறு வேலை வைத்துக்கொள்ளாமல், ஆரம்பத்திலிருந்து முடிவுவரை ஒரே மூச்சில் கேளுங்கள். 'லவ் இன் வெய்ன்' தொடக்கத்திலேயே தரை நழுவும். 'கில்லிங் கேம்' மெதுவான, நெஞ்சைப் பிழிகிற பாட்டு. இவர்களுக்கு மெட்டு வராது என்று யாராவது சொன்னால் அதைப் போட்டுக் காட்டுங்கள். சிடியின் பாட்டு வரிசையில் ஒன்பதுக்கு அடுத்து பதினொன்று இருக்கும். பத்தாவது பாட்டில், எல்எஸ்டி போதையை ஆதரித்துப் பேசிய அமெரிக்க உளவியலாளர் டிமத்தி லியரியின் குரல் பதிவைப் பயன்படுத்த அனுமதி கிடைக்காததால் பாட்டையே எடுத்துவிட்டார்கள், எண்ணை மாற்றவில்லை. பதினொன்றாவதான 'டவுன்லோட்' மெல்ல மெல்லக் கரைந்து வெறும் சத்தமாகவே போய் முடியும். அந்தச் சத்தத்தில் இறங்கும்போது அதுவரை கேட்ட மனிதக் குரல் எங்கே போயிற்று என்று தேடுவீர்கள். தேட வைப்பதுதான் அதன் வேலை.

அதன் பிறகு நடந்தது துயரம். பெரிய கம்பெனி ஒப்பந்தம், கலிஃபோர்னியாவில் ஒலிப்பதிவு, தயாரிப்பாளர்கள் மாறியது, ஆளுக்கு ஆள் மனத்தாங்கல். 1995 ஜூனில் ஓகர் விலகினார். ஆகஸ்ட் 23 அன்று, எட்மண்டனில் பெற்றோர் வீட்டில், ஹெராயின் மிகுந்து டுவெய்ன் இறந்துபோனார். வயது 31. மிச்சமிருந்த பதிவுகளைச் சேர்த்து முடித்து 'தி பிராசஸ்' 1996-இல் வந்தது. பழைய ரசிகர்கள் பலருக்கு அது அரைகுறை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 'கேண்டில்', 'கல்ட்' இரண்டிலும் ஓகர் முகமூடி இல்லாமல் பாடுகிறார். அந்தக் குரலை முன்பே கேட்டிருக்கலாமே என்றிருக்கும்.

2000 ஆகஸ்டில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் ஓகரும் செவினும் திரும்பவும் ஒரே மேடையில் ஏறினார்கள். 2004, 2007, 2011, 2013 என்று நான்கு ஆல்பங்கள் தொடர்ந்தன. அவற்றில் 2004-இன் 'தி கிரேட்டர் ராங் ஆஃப் தி ரைட்' ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள், 2013-இன் 'வெப்பன்' அடுத்தது. மற்ற இரண்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 2023-இல் விடைபெறும் பயணம் என்று அறிவித்தே ஊர் ஊராக வாசித்தார்கள்.

இத்தனையும் கேட்டு முடித்தவர்களுக்கு இன்னும் இரண்டு. செவினும் டுவெய்னும் அந்தப் பதினொன்றாவது பாட்டின் பெயரிலேயே தொடங்கிய டவுன்லோட் குழுவின் 'ஃபர்னஸ்', 1995. ஓகர் மார்க் வாக்குடன் சேர்ந்து 2001-இல் வெளியிட்ட 'வெல்ட்'. முதலாவதில் டுவெய்ன் கை வைத்த இடங்களைத் தேடிக் கேளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி,
கும்பகோணம்.