மதில் ஓரத்து இருட்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

கடந்த வாரம் இரவு ஏழரை மணிக்குக் கல்லூரி வாசலிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு நடந்துவந்த என் மகளின் கைப்பேசியை, பைக்கில் வந்த இருவர் பறித்துச் சென்றார்கள். முந்நூறு அடி தூரம்தான். தெருவிளக்குகள் இருக்கின்றன, மரக்கிளைகள் மறைப்பதால் வெளிச்சம் தரைக்கு வருவதே இல்லை. வளாகத்துக்குள் எத்தனை கேமரா வைத்து என்ன பயன்? பிள்ளைகள் வாசலைத் தாண்டித்தானே வீடு திரும்ப வேண்டும்!

புகார் கொடுக்கப் போனால், ‘இது எங்கள் எல்லை இல்லை’ என்று திருப்பி அனுப்பினார்கள். குற்றம் எங்கு நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் தரலாம் என்கிறது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவு. இது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. கைப்பேசியில் *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க எண்ணைக் குறித்து வைத்திருந்தால், மத்திய அரசின் ‘சஞ்சார் சாத்தி’ தளம் வழியாகத் திருடுபோன கைப்பேசியை முடக்கிவிடலாம் என்பதும் அப்படித்தான். சேர்க்கை நாளிலேயே கல்லூரிகள் இவற்றைச் சொல்லித்தரக் கூடாதா?

மாநகராட்சி முதலில் அந்தக் கிளைகளை வெட்டட்டும். மாலை ஆறு முதல் ஒன்பது மணி வரையாவது அங்கே ரோந்து வேண்டும். என் மகள் இன்றும் அதே வழியில்தான் வருகிறாள்.

ஒரு மாணவியின் தந்தை,
திருச்சி.